ஒரு பட்டியல், பல மேசைகள்: பேஸ் முன்முனையை மைஎஸ்கியூஎல் சேவையகத்துடன் இணைத்தல்

க.பொ.த. சாதாரண தரம்: தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல்
பாடப்பரப்பு: தரவுத்தள முகாமைத்துவம்

மாணவர்களே,

அட்டவணை, புலம், பதிவு, முதன்மைச் சாவி, அந்நியச் சாவி ஆகியவற்றை நீங்கள் கற்றிருக்கிறீர்கள். கணினி அறையில் ஒரு கணினியில் ஒரு கோப்பைத் திறந்து அவற்றைச் செய்தும் பார்த்திருப்பீர்கள். ஆனால் வங்கியிலும் வைத்தியசாலையிலும் ஒரே தரவுத்தளத்தைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்துகின்றனர். அது எவ்வாறு இயலுகிறது என்பதையும், லிப்ரே ஒபிஸ் பேஸ் மென்பொருளை மைஎஸ்கியூஎல் சேவையகத்துடன் இணைத்து அதை நீங்களே செய்துபார்க்கும் முறையையும் இப்பகுதி விளக்குகிறது.

1. ஒரு கோப்பு ஏன் போதாது?

களனி கங்கையும் குருகொட ஓயாவும் பெருகியதால் ருவான்வெல்லையில் ஒரு பாடசாலை நிவாரண முகாமாக மாறியுள்ளது என வைத்துக்கொள்வோம். பதிவு செய்ய மூன்று மேசைகள். மேசைக்கு ஒரு மடிகணினி. ஒவ்வொன்றிலும் தனித்தனிக் கோப்பு.

காலையில் ஒரு தாய் முதலாம் மேசையில் தம் குடும்பத்தினர் ஐவரின் பெயரையும் பதிகிறார். மாலையில் தோட்டத்திலிருந்து வந்து சேர்ந்த தந்தை மூன்றாம் மேசையில் அதே ஐவரையும் மீண்டும் பதிகிறார். ஐந்து பேருக்குப் பத்து உணவுப் பொதிகள் ஒதுக்கப்படுகின்றன. ஒரே தரவு பல இடங்களில் திரும்பத் திரும்ப இருப்பதைத் தரவு மிகைமை என்கிறோம்.

இதைவிடப் பாரதூரமான நிலை ஒன்றும் உண்டு. முதலாம் மேசையில் ஒரு மூதாட்டி "காணவில்லை" எனப் பதியப்பட்டுள்ளார். இரண்டாம் மேசையில் அதே மூதாட்டி "வந்து சேர்ந்தார்" எனப் பதியப்பட்டுள்ளார். ஒரு கோப்பில் உள்ளது மற்றைய கோப்புக்குத் தெரியாது. பிள்ளைகள் மழையில் அவரைத் தேடிக்கொண்டிருக்க, அவரோ அடுத்த வகுப்பறையில் அமர்ந்திருக்கிறார். இது தரவு முரண்பாடு ஆகும்.

இது நம் நாட்டில் மெய்யாகவே எழுந்த பிரச்சினை. 2004 டிசம்பர் 26 ஆந் திகதி சுனாமியில் இலங்கையில் 30,000 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காணாமற்போனோர், முகாம்களில் உள்ளோர், உதவி வழங்கும் நிறுவனங்கள் ஆகிய விபரங்களை ஒன்றுதிரட்ட, லங்கா சொப்ட்வெயார் பவுண்டேசனைச் சேர்ந்தோரும் பிற தொண்டர்களும் "சஹன" என்ற திறந்த மூல மென்பொருளை உருவாக்கினர். சஹன என்னும் சிங்களச் சொல்லின் பொருள் நிவாரணம் என்பதாகும். அதன் தரவுகள் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் வைக்கப்பட்டன. திறந்த மூல மென்பொருள் என்பதால் பிற நாடுகளும் அதை எடுத்துத் தமக்கேற்ப மாற்றிப் பயன்படுத்த முடிந்தது. 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2006 இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் அது பயன்பட்டது. சமூகப் பயன்பாட்டுக்காகக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வழங்கும் 2006 ஆம் ஆண்டு விருதும் அதற்குக் கிடைத்தது.

கேகாலை மாவட்டத்தில் 2016 மே 17 ஆந் திகதி அரநாயக்க சாமசர மலை சரிந்தது. அதே நாளில் புளத்கொஹுப்பிட்டிய களுபஹன தோட்டத்திலும் மண்சரிவு ஏற்பட்டது. யார் எங்கே இருக்கிறார் என்ற பட்டியல் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதன் தேவையை இம்மாவட்டத்தவருக்கு விளக்க வேண்டியதில்லை.

2. முன்முனையும் பின்முனையும்

தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடங்கள் பல. ஆனால் சம்பளம் கணிக்கப்படுவது காரியாலயத்தில் உள்ள ஒரே செக்ரோலின்படியாகும். எங்கே நிறுத்தாலும் கணக்கு ஒரே இடத்தில் சேர்கிறது. தரவுத்தளமும் இவ்வாறே இரு பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது.

பின்முனை: அட்டவணைகளும் பதிவுகளும் இருக்கும் இடம். இங்கு அது மைஎஸ்கியூஎல் சேவையகமாகும். கடவுச்சொல்லைச் சரிபார்த்தல், விதிகளைக் காத்தல், இருவர் ஒரே பதிவை மாற்ற முயன்றால் முறைப்படுத்தல் ஆகியன இதன் பணிகள்.

முன்முனை: பயனர் காணும் பகுதி. படிவங்கள், வினவல்கள், அறிக்கைகள் இங்கே அமையும். இங்கு அது லிப்ரே ஒபிஸ் பேஸ் ஆகும். சஹனவில் முன்முனை இணைய உலாவியாக இருந்தது. முன்முனை வேறுபடலாம், தத்துவம் ஒன்றே.

மைஎஸ்கியூஎல் 1995 இல் சுவீடன் நிறுவனமொன்றினால் வெளியிடப்பட்டது. 2010 முதல் அது ஒரக்கிள் நிறுவனத்துக்கு உரியது. அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான மைக்கேல் விடேனியஸ் 2009 இல் அதிலிருந்து மரியாடிபி என்ற கிளையைத் தொடங்கினார். இரண்டுக்கும் கீழ்வரும் படிமுறைகள் பொருந்தும்.

முன்முனையும் பின்முனையும் பேசிக்கொள்ள இடையில் ஒரு மென்பொருள் தேவை. அது செலுத்தி எனப்படும். ஓடிபிசி, ஜேடிபிசி என்பன இதற்கான இரு பொது நியமங்கள். லிப்ரே ஒபிசின் புதிய பதிப்புகளில் மைஎஸ்கியூஎல்லுடன் நேரடியாக இணைவதற்கான வசதியும் உண்டு.

3. இணைக்கும் முன் செய்ய வேண்டியவை

(அ) வலையமைப்பு: மூன்று கணினிகளும் சேவையகக் கணினியும் ஒரே உள்ளூர் வலையமைப்பில் இருக்க வேண்டும். ஒரு சிறிய ரௌட்டர் போதும். இணைய இணைப்புத் தேவையில்லை.

(ஆ) அட்டவணைகள்: சேவையகத்தில் ஒரு தரவுத்தளத்தை உருவாக்கி அதில் இரு அட்டவணைகளை அமைக்குக.

குடும்பம்: குடும்ப இலக்கம், தலைவர் பெயர், தோட்டம் அல்லது கிராமம்
நபர்: நபர் இலக்கம், பெயர், பிறந்த ஆண்டு, அடையாள அட்டை இலக்கம், நிலை, குடும்ப இலக்கம்

நபர் அட்டவணையின் முதன்மைச் சாவி எது? அடையாள அட்டை இலக்கம் எனப் பலர் விடை எழுதுவர். ஆனால் சிறுவர்களுக்கு அடையாள அட்டை இல்லை. பெரியவர்களிலும் சிலருடையது வெள்ளத்தில் போயிருக்கலாம். சிலருக்கு எடுக்கப்படாமலே இருக்கலாம். முதன்மைச் சாவி வெறுமையாக இருக்க முடியாது. எனவே தானாக அதிகரிக்கும் நபர் இலக்கமே பொருத்தமானது. அடையாள அட்டை இலக்கப் புலத்துக்கு "வெறுமையாக விடலாம், ஆனால் ஒரே இலக்கம் இருமுறை வரக்கூடாது" என்ற விதியை இடுக. அப்போது அதே இலக்கத்தை மூன்றாம் மேசையில் மீண்டும் பதிய முயன்றால் சேவையகம் மறுத்துவிடும். அடையாள அட்டை இல்லாதவர்களை இவ்விதி காக்காது. அவர்களைப் பதியுமுன் பெயரையும் பிறந்த ஆண்டையும் கொண்டு வினவிப் பார்க்க வேண்டும்.

நபர் அட்டவணையில் உள்ள குடும்ப இலக்கம் அந்நியச் சாவியாகும்.

(இ) எழுத்துக்குறித் தொகுதி: தமிழ், சிங்களப் பெயர்கள் சரியாகச் சேமிக்கப்பட யுடிஎப்8எம்பி4 என்ற தொகுதியைத் தெரிவுசெய்க. 2018 இல் வந்த மைஎஸ்கியூஎல் 8.0 பதிப்பிலிருந்து இது இயல்பாகவே அமைந்துள்ளது. பழைய பதிப்புகளில் நாமே குறிப்பிட வேண்டும். தவறினால் பெயர்களுக்குப் பதிலாகக் கேள்விக்குறிகளே தோன்றும். பாமினி எழுத்துருவில் பெயரைத் தட்டெழுத வேண்டாம். அதில் திரையில் தெரிவது தமிழானாலும் சேமிக்கப்படுவன ஆங்கில எழுத்துக்களே. ஒரு மேசையில் பாமினியும் மற்றைய மேசையில் யுனிக்கோட்டும் பயன்படுத்தினால் ஒரே பெயரைத் தேடினாலும் கிடைக்காது.

(ஈ) பயனர் கணக்கு: "ரூட்" என்பது எல்லா அதிகாரமும் உடைய கணக்கு. அதை மேசைகளுக்குக் கொடுக்கக் கூடாது. வாசித்தல், சேர்த்தல், திருத்தல் ஆகிய மூன்று அனுமதிகள் மட்டும் உள்ள ஒரு கணக்கை உருவாக்குக. அழிக்கும் அனுமதி இல்லாததால் யாரேனும் தவறுதலாக அழிக்க முயன்றாலும் சேவையகம் இடங்கொடாது.

4. இணைக்கும் படிமுறை

படி 1: பேஸ் மென்பொருளைத் திறக்குக. தோன்றும் மூன்று தெரிவுகளில் "ஏற்கெனவே உள்ள தரவுத்தளத்துடன் இணை" என்னும் பொருளுடைய மூன்றாவதைத் தெரிவுசெய்து, பட்டியலில் மைஎஸ்கியூஎல் அல்லது மரியாடிபியைக் குறிக்குக.

படி 2: இணைக்கும் வழியைத் தெரிவுசெய்க: நேரடி, ஓடிபிசி, ஜேடிபிசி. நேரடி வழி இலகுவானது.

படி 3: தரவுத்தளத்தின் பெயர், சேவையகத்தின் முகவரி, துறை இலக்கம் ஆகியவற்றை வழங்குக. முகவரி 192.168.1.10 போன்று இருக்கும். மைஎஸ்கியூஎல்லின் இயல்பான துறை இலக்கம் 3306 ஆகும். சேவையகம் அதே கணினியில் இருந்தால் முகவரி 127.0.0.1 ஆகும்.

படி 4: பயனர் பெயரை வழங்கி, கடவுச்சொல் தேவை என்பதைக் குறிக்குக. இணைப்பைப் பரிசோதிக்கும் பொத்தானை அழுத்திப் பார்க்குக.

படி 5: கோப்பைச் சேமிக்குக. சேவையகத்தில் உள்ள அட்டவணைகள் பேஸ் சாளரத்தில் தோன்றும்.

படி 6: நபர் அட்டவணைக்கு ஒரு படிவம் அமைக்குக. முதலாம் மேசையில் ஒரு பெயரைப் பதிந்து, மூன்றாம் மேசையில் பட்டியலைப் புதுப்பித்துப் பார்க்குக. அப்பெயர் அங்கும் தெரிந்தால் இணைப்புச் சரியாக அமைந்துள்ளது.

மைக்ரோசொப்ட் அக்சசிலும் ஓடிபிசி வழியாக இவ்வாறு செய்யலாம். அங்கே "இறக்குமதி", "இணைத்தல்" என இரு தெரிவுகள் உண்டு. இறக்குமதி செய்தால் தரவின் ஒரு பிரதி மட்டுமே வரும். பின்னர் நிகழும் மாற்றங்கள் தெரியமாட்டா. நமக்கு வேண்டியது இணைத்தல் ஆகும்.

5. இணையாவிடின் எங்கே பார்ப்பது?

வழு இலக்கத்தை முதலில் வாசிக்குக. அது வழியைக் காட்டும்.

வழு 2003: சேவையகத்தை அடைய முடியவில்லை. சேவையகம் இயங்குகிறதா, முகவரியும் துறை இலக்கமும் சரியா, தீச்சுவர் தடுக்கிறதா எனப் பார்க்குக. தன் கணினியிலிருந்து வரும் இணைப்புகளை மட்டும் ஏற்குமாறு சேவையகம் அமைக்கப்பட்டிருக்கவும் கூடும்.

வழு 1045: சேவையகத்தை அடைந்துவிட்டோம், பயனர் பெயரோ கடவுச்சொல்லோ ஏற்கப்படவில்லை. வலைக்கம்பியைக் கழற்றிப் பூட்டிப் பயனில்லை.

வழு 1130: இந்தக் கணினியிலிருந்து இணைய அனுமதி இல்லை. பயனர் கணக்கில் அனுமதிக்கப்பட்ட முகவரிகளைத் திருத்த வேண்டும்.

வழு எதுவும் இன்றி அட்டவணை திறக்கிறது, ஆனால் எழுத முடியவில்லையா? அந்த அட்டவணைக்கு முதன்மைச் சாவி உள்ளதா எனப் பார்க்குக. முதன்மைச் சாவி இல்லாத அட்டவணையில் பேஸ் பதிவுகளை மாற்ற விடாது. எந்தப் பதிவு மாற்றப்பட வேண்டும் என்பதைத் தனித்து இனங்காண வேறு வழி இல்லை என்பதே காரணம். முதன்மைச் சாவி புள்ளிக்காக மட்டும் படிக்கும் வரைவிலக்கணம் அன்று என்பது இங்கே தெளிவாகும்.

6. நினைவில் கொள்க

• நீங்கள் படி 5 இல் சேமித்த பேஸ் கோப்பில் படிவங்களும் வினவல்களும் இணைப்பு விபரமும் மட்டுமே உள்ளன. பெயர்கள் அதில் இல்லை. அக்கோப்பைப் பென்டிரைவில் பிரதிசெய்து எடுத்துச் சென்றால் பட்டியலை எடுத்துச் சென்றதாகாது. காப்புப் பிரதி சேவையகத்திலிருந்து எடுக்கப்பட வேண்டும்.

• பின்முனை ஒன்றாக இருப்பது பலம். அதுவே பலவீனமும் ஆகும். சேவையகம் நின்றால் மூன்று மேசைகளும் நிற்கும். எனவே மின்துண்டிப்பு அடிக்கடி நிகழும் இடத்தில் மடிகணினியைச் சேவையகமாக வைப்பதும், பக்கத்தில் ஒரு கொப்பியை வைத்திருப்பதும் நன்று.

• பட்டியலில் இருப்பவை மனிதரின் சொந்த விபரங்கள். இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டுள்ளது. கடவுச்சொல்லைத் திரையின் ஓரத்தில் ஒட்டிவைப்பது பூட்டைப் போட்டுச் சாவியை அதிலேயே விடுவது போன்றது.

7. பயிற்சி வினாக்கள்

1. தரவு மிகைமைக்கும் தரவு முரண்பாட்டுக்கும் முகாமிலிருந்து ஓர் உதாரணம் வீதம் தருக.
2. பின்வருவனவற்றை முன்முனை, பின்முனை என வகைப்படுத்துக: படிவம், பதிவுகள், அறிக்கை, பயனர் அனுமதி.
3. நபர் அட்டவணையில் அடையாள அட்டை இலக்கம் முதன்மைச் சாவியாகப் பொருந்தாமைக்கு ஒரு காரணம் தருக.
4. இணைக்க முயன்றபோது வழு 1045 தோன்றியது. மாணவன் ஒருவன் ரௌட்டரை மாற்ற வேண்டும் என்றான். அவன் கூற்றுச் சரியா? விளக்குக.
5. வெள்ளத்தில் சேவையகக் கணினி பழுதடைந்தது. ஆசிரியரிடம் பேஸ் கோப்பு மட்டுமே உள்ளது. பெயர்களை மீட்கலாமா?

விடைக் குறிப்பு

1. மிகைமை: ஒரே குடும்பம் இரு மேசைகளில் பதியப்படல். முரண்பாடு: ஒருவரே ஓரிடத்தில் "காணவில்லை", மற்றோரிடத்தில் "வந்து சேர்ந்தார்" எனப் பதியப்படல்.
2. முன்முனை: படிவம், அறிக்கை. பின்முனை: பதிவுகள், பயனர் அனுமதி.
3. சிறுவர்களுக்கு அடையாள அட்டை இல்லை. முதன்மைச் சாவி வெறுமையாக இருக்க முடியாது.
4. சரியன்று. இவ்வழு சேவையகத்தை அடைந்த பின்னரே தோன்றும். எனவே வலையமைப்பு இயங்குகிறது. பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்க்க வேண்டும்.
5. மீட்க முடியாது. தரவுகள் பின்முனையில் இருந்தன. சேவையகத்திலிருந்து எடுத்த காப்புப் பிரதி வேறிடத்தில் இருந்திருந்தால் மட்டுமே மீட்கலாம்.

ஐந்தாம் வினாவைச் செய்முறையாகவும் பரீட்சித்துப் பார்க்கலாம். உங்கள் பயிற்சித் தரவுத்தளத்தின் காப்புப் பிரதியை இன்னொரு கணினியில் மீளப் பதிந்து, எல்லாப் பெயர்களும் வருகின்றனவா என எண்ணிப் பார்க்குக. மீட்டுப் பார்க்காத காப்புப் பிரதியை நம்பியிருக்க முடியாது.