ஒலிபெருக்கி ஏன் கரகரக்கிறது?

ஐப்பசிப் பிற்பகல்களில் மொனராகலைக் குன்றுகளின் மேல் இடி முழங்கத் தொடங்கியதும், மின்னல் பிறப்பிக்கும் மின்காந்த அலைகள் கலந்து மத்திய அலை வானொலி படபடவென்று பொரிவதை ஊவாத் தோட்டங்களின் முதியவர்கள் நன்கறிவார்கள். இன்று கணினியைச் சூழ்ந்த ஐந்து பெட்டிகளும் தாழொலிப் பெட்டியும் கரகரக்கும்போதும் வானத்தின் மீது பழிபோடுவோர் உண்டு; காரணமோ பெரும்பாலும் மேசையின் மேலேயே இருக்கிறது.

பச்சை நிறச் செருகியைக் கணினியிலிருந்து கழற்றிக் கைபேசியில் செருகிப் பாட்டொன்று கேளுங்கள். கரகரப்பு தொடர்ந்தால் குற்றம் பெட்டியிலோ வயரிலோ உள்ளது. ஒலியளவுக் குமிழைத் திருகும்போது மட்டும் சப்தம் எழுமானால், உள்ளே கரிப்பூச்சின் மீது உராய்ந்து செல்லும் உலோக நுனிக்கு அடியில் தூசி புகுந்து, மின்னோட்டம் விட்டுவிட்டுப் பாய்கிறதென்று அர்த்தம். ஈரக்காற்று மிகுந்த மாதங்களில் செருகியில் படரும் களிம்பும் இதே அனர்த்தத்தை விளைவிக்கும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஸ்பிரிட் தோய்த்த துணியால் அதைத் துடைக்க வேண்டும்.

கைபேசியில் நாதம் சுத்தமாக ஒலித்தால் கணினியே குற்றவாளி. நொடிக்கு 44,100 அல்லது 48,000 மாதிரிகளாக ஓசையைப் பகுத்து, சிறியதொரு நினைவகத்தில் முன்கூட்டியே நிரப்பி அனுப்பும் கணினி, வேறு காரியங்களில் மூழ்கி உரிய வேளையில் அதை நிரப்பத் தவறுமானால், ஒலியலை நடுவே அறுபட்டு, அந்த வெட்டே 'டக்' என்று நம் செவியில் விழுகிறது. தேவையற்ற செயலிகளை மூடி, ஒலி இயக்கியைப் புதுப்பித்து, அந்நினைவகத்தின் அளவைக் கூட்டுவதே பரிகாரம்.

கரகரப்பாக இன்றி இடைவிடாத உறுமலாகக் கேட்டால், அது பெரும்பாலும் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் தொல்லை; வீட்டின் நிலத்தொடுப்பை மின்வேலை அறிந்தவரைக் கொண்டு பார்ப்பியுங்கள்.