மரப் பலகைக்கும் காற்றோட்டம் வேண்டும்!

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் வழியில் புது வீடுகளைக் கவனித்திருப்பீர்கள். வெள்ளை பெயின்ட் அடித்த முகப்பில் நடுவே ஒரு பட்டை மட்டும் மரப் பலகை. கிரகப்பிரவேச போட்டோவில் அள்ளிக்கொண்டு போகும். இரண்டு ஐப்பசி மழை கடந்ததும் கீழ்ப்பலகை கறுத்து, ஓரம் வளைந்து, கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போகிறது. 'நம்ம ஊர் மழைக்கு மரம் தாங்காதுங்க' என்று பழியை மரத்தின் மேல் போட்டுவிடுகிறோம்.

அதே ஊர்ப்பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளில் பனங்கைகள் எப்படித் தாங்குகின்றன? முற்றிய பனையைப் பிளந்து, உள்ளிருக்கும் சோற்றுப் பகுதியைச் செதுக்கி எறிந்துவிட்டு, வைரம் பாய்ந்த கருத்த பகுதியை மட்டும் கைமரமாக வைப்பார்கள். மேலே நாட்டு ஓடு. ஓட்டு இடுக்கில் காற்று போய் வரும். சாரலில் நனைந்தாலும் வெயில் வந்ததும் காய்ந்துவிடும். அந்த வீட்டிலும் கைமரம் முதலில் இற்றுப்போகும் இடம் எது தெரியுமா? காரை பூசிச் சுவருக்குள் அடைத்த முனை! ஈரம் வெளியேற வழியில்லாத இடத்தில்தான் பூஞ்சை பிடிக்கிறது, கரையானும் வருகிறது.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, திண்டிவனம் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழையை எந்த வார்னிஷும் முழுதாகத் தடுக்காது. பலகைக்குப் பின்னால் தண்ணீர் போகத்தான் செய்யும். போன தண்ணீர் வெளியே வர வழி வேண்டும்.

ஆகவே, பலகையை நேராகச் சுவரில் ஒட்ட விடாதீர்கள். முதலில் ஓர் அங்குல ரீப்பரைச் செங்குத்தாக அடித்து, அதன் மேல் பலகையைப் படுக்கைவாட்டில் பொருத்தச் சொல்லுங்கள். மேலும் கீழும் திறந்தே இருக்கட்டும்; பூச்சி புகாமல் வலை போதும். கீழ்ப்பலகை தரையிலிருந்து முக்கால் அடியாவது மேலே நிற்க வேண்டும். தெறிக்கும் தண்ணீர் படாது. கரையான் மண் கட்டி ஏறினாலும் கண்ணில் பட்டுவிடும்.

அறுத்த முனைகள் உறிஞ்சு குழல்போலத் தண்ணீர் குடிக்கும். மாட்டுவதற்கு முன்பே அங்கே இரண்டு கோட் பூச வேண்டும். பெரும்பாலும் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். மழையில் பலகை உப்பும் என்பதால் நடுவே இடுக்கு விட வேண்டும். ஸ்க்ரூவில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். தேக்கில் சாதாரண இரும்பு ஆணி அடித்தால் கறுப்பாக வடியும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் சரி.

இவ்வளவும் செய்தாலும் மேலே கொஞ்சம் நிழல் வேண்டும். தக்கலை பக்கத்துப் பத்மநாபபுரம் அரண்மனையின் மர அழிகள் நூற்றாண்டுகளாக நிற்பதில், முன்தள்ளி இறங்கும் ஓட்டுக்கூரைக்குப் பெரிய பங்குண்டு. மழை நேராக அறையும் மொட்டைச் சுவரில் மரம் வேண்டவே வேண்டாம் என்பேன். குளிர்நாடுகளில் கூரைக்கு மேலேயே மரச் சில்லு வேய்கிறார்கள். நம் வெயிலுக்கு, ஓட்டுக்கு அடியில் இடைவெளி விட்டு சீலிங்காகப் போடுவதே புத்திசாலித்தனம்.

பழைய வீட்டை இடிப்பவர்கள் பனங்கைகளை விறகுக்குத் தள்ளிவிடாதீர்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்துவிட்டார்கள். முனையை மட்டும் அறுத்துவிட்டால் மற்றது வாசல் பந்தலுக்கு உதவும்.

ஏற்கெனவே பலகை ஒட்டியாகிவிட்டதா? ஐப்பசிக்கு முன் கார்பென்டரைக் கூப்பிட்டு, கடைசிப் பலகை ஒன்றை மட்டும் கழற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள்.