விளக்கைப் போட்டால் அடங்கும் மரபணு

நம் கல்லீரல் செல்லிலும் மூளைச் செல்லிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ.தான். ஆனாலும் இரண்டும் வேறு வேறு வேலை பார்க்கின்றன. எந்தெந்த மரபணு திறந்திருக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

ஒரு செல்லில் உள்ள டி.என்.ஏ.வை நீட்டினால் சுமார் 2 மீட்டர் வரும். அது ஹிஸ்டோன் என்ற புரத உருளைகளின் மேல், கண்டில் நூல்போலச் சுற்றிக்கிடக்கிறது. ஹிஸ்டோனில் அசெட்டைல் என்ற சிறு வேதிக்குறி ஒட்டினால் சுற்று தளரும். அங்குள்ள மரபணு செயல்படலாம். டீஅசெட்டைலேஸ் என்ற நொதிகள் அந்தக் குறியை நீக்கினால் சுற்று இறுகி மரபணு அடங்கும். டி.என்.ஏ.வின் எழுத்து மாறாமலே வாசிப்பு மாறும் இந்த ஏற்பாடுதான் எபிஜெனெடிக்ஸ்.

இந்த நொதிகளைத் தடுக்கும் மருந்துகள் உண்டு. தோலைத் தாக்கும் ஒருவகை லிம்ஃபோமா புற்றுநோய்க்கு 2006இல் அமெரிக்கா அனுமதித்த வோரினோஸ்டாட் அவற்றில் ஒன்று. ஆனால் விழுங்கிய மருந்து உடம்பெங்கும் பரவும். ஒளியை அப்படியல்லாமல் ஓரிடத்தில் மட்டும் பாய்ச்சலாம். நினைத்த நொடியில் நிறுத்தலாம்.

ஒளியால் மரபணுவைக் கட்டுப்படுத்த இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, அசோபென்சீன். நீண்டிருக்கும் இந்த மூலக்கூறு ஒளி பட்டால் வளையும். இதை மருந்தின் அமைப்பிலேயே சேர்த்துவிட்டால், ஒரு வடிவில் மருந்து நொதிக்குள் நன்றாகப் பொருந்தும். மற்ற வடிவில் அவ்வளவாகப் பொருந்தாது. சாதாரண அசோபென்சீனை வளைக்கப் புறஊதா ஒளி தேவை. அது செல்லுக்குக் கேடு. கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே இயங்கும் தடுப்பான்கள் 2016இல் வெளிவந்தன. எனினும், ஒளி பட்ட செல்லில் பல மரபணுக்கள் ஒருசேரப் பாதிக்கப்படும்.

ஒரே மரபணுவைக் குறிவைப்பது இரண்டாவது வழி. கடுகுக் குடும்பத்துச் சிறுசெடியான அராபிடாப்சிஸில் நீல ஒளி பட்டதும் கைகோக்கும் இரண்டு புரதங்கள் இருக்கின்றன. 2013இல் அமெரிக்காவில் ஃபெங் ஜாங் குழு, ஒன்றைக் குறிப்பிட்ட மரபணுவைத் தேடிப் பிடிக்கும் புரதத்தோடும், மற்றதை ஹிஸ்டோன் குறியை மாற்றும் புரதத்தோடும் இணைத்தது. நீல ஒளி விழுந்ததும் இரண்டும் சேர்ந்தன. எலியின் நரம்பணுக்களில் அந்த மரபணு அடங்கியது.

நீல ஒளி சதைக்குள் ஆழமாக இறங்காது. மூளைக்குள் செலுத்தக் கண்ணாடி இழை வேண்டும். செடியின் புரதங்களைச் செல்லே தயாரிக்க, அவற்றின் மரபணுக்களையும் உள்ளே புகுத்த வேண்டும். எனவே இது இன்னும் ஆய்வுக்கூடக் கருவிதான். ஆனால் ஒரு பழைய கேள்விக்கு இது விடை தேட உதவுகிறது: குறி மாறியதால் மரபணு அடங்கியதா, மரபணு அடங்கியதால் குறி மாறியதா? விளக்கைப் போட்டுக் குறியை மட்டும் மாற்றிப் பார்த்தால், எது முந்தியது என்று கண்டுபிடிக்கலாம்.