மாடம்பாக்கம்: ஏரியும் குடிகளும்

பழைய செங்கற்பட்டு ஜில்லாவை ஏரிகளின் ஜில்லா என்று வழங்கியது பொருத்தமே. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லாத இந்நிலத்தில், ஐப்பசி கார்த்திகை மழையைத் தேக்கியே நம் முன்னோர் நெல் விளைத்தனர். அத்தகைய ஏரிக்கரை ஊர்களுள் மாடம்பாக்கமும் ஒன்று.

தாம்பரத்திலிருந்து கிழக்கே இராஜகீழ்ப்பாக்கம் சென்று, தெற்கே திரும்பினால் ஊரை அடையலாம். சோழர் காலத்துத் தேனுபுரீசுவரர் கோயில் இங்குள்ளது. அதன் விமானம் படுத்துறங்கும் யானையின் பின்புறத்தை ஒத்த தூங்கானை மாடம். கண்டவர் எளிதில் மறவார். ஏரியின் பரப்பு சுமார் 250 ஏக்கர். தரை கடலை நோக்கிச் சரிவதால், இப்பக்கத்து ஏரிகளின் மிகுநீர் கலங்கல் வழியே ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்கி, முடிவில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சேரும்.

இனி, குடிகள். 2001இல் பேரூராட்சியின் ஜனத்தொகை 20,000க்கும் குறைவு. 2011இல் 30,000ஐக் கடந்துவிட்டது. 2021 நவம்பரில் பேரூராட்சியே தாம்பரம் மாநகராட்சியில் இணைந்தது. புதிதாகக் குடியேறியோரில் உழவர் மிகச் சிலரே. தாம்பரத்தை அடுத்த ஊர்களில் தணிக்கைக்குச் செல்லும் நான், பழைய கடன் ஏட்டில் ‘நஞ்சை’ என்றிருந்த சர்வே எண்ணைத் தேடிப் போய் மாடி வீட்டின் முன் நின்றதுண்டு. வீட்டுக்காரர் அன்புடன் மோர் தந்தார். நஞ்சையைப் பற்றி அவர் அறிந்தது ஒன்றுமில்லை.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஏரிப் பராமரிப்பின் பழைய முறை ஆயக்கட்டை ஒட்டியது. மடைநீர் பெறும் குடிகளே குடிமராமத்துக்கு ஆள் அனுப்பினர். 1858ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டம் அவ்வழக்கத்தையே கட்டாயமாக்கிற்று. 2000ஆம் ஆண்டுப் பாசன மேலாண்மைச் சட்டமும் நிலமுடையோரையே வாக்காளராகக் கொண்டது. ஆனால் மாடம்பாக்கம் ஏரியிலுள்ள கிணறுகளின் நீர் அண்டை ஊர்க் குடங்களையும் நிரப்பியிருக்கிறது. அந்நீரைப் பருகுவோர் பெயர் எந்த ஆயக்கட்டுப் பட்டியலிலும் இல்லை.

2015 டிசம்பர் வெள்ளமும் 2019 கோடைப் பஞ்சமும் நான்கே ஆண்டுகளுக்குள் இப்புறநகரைத் தாக்கின. கால்வாய் அடைபட்டால் முன்னது பெருகும். ஏரி தூர்ந்தால் பின்னது கொடிதாகும்.

1904இல் இதே ஜில்லாவின் திரூரில் மாகாணத்தின் முதல் கடன் சங்கம் தோன்றியது. ஆளுக்கு ஒரு வாக்கு என்பது அன்று முதல் நமக்குப் பழகிய முறை. ஏரிக் காரியத்துக்கும் அதனையே கொள்ளலாகாதா? வருகின்ற புரட்டாசியில் வரத்துக் கால்வாயைப் பார்வையிடப் புறப்படும் உழவர் அங்கத்தினர்கள், புதுத் தெருக்களிலிருந்தும் சிலரை உடனழைத்துச் செல்லலாம். எவ்வளைவில் நீர் தேங்கும் என்றறிந்த முதியோர் ஊரில் இன்னும் சிலரே உளர்.