கூண்டும் கோடும்: மா. கிருஷ்ணனின் பறவைச் சித்திரங்கள் குறித்து

1

நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளில் பறவைகளுக்குப் பஞ்சமில்லை. தோகை விரித்த மயில், ஜோடிக் கிளி, தாமரைக்கு நடுவே அன்னம், இறக்கை விரித்த கழுகு. பெயிண்டர் எதையும் பார்த்து வரைவதில்லை. கை பழகிய உருவங்கள் அவை. கோலத்திலிருந்தும் கோயில் தூணிலிருந்தும் வரும் ஒரு மரபின் தொடர்ச்சி என்பதால் இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் பட்டறை வாசலில் மின்கம்பியில் உட்கார்ந்திருக்கிறதே கரிக்குருவி, அது லாரியில் ஏறி நான் பார்த்ததில்லை.

கொஞ்சம் தள்ளிப் போனால் கோழிப் பண்ணை. எவ்வளவு கோழி என்று கேட்டால் "ஒரு லட்சம் பேர்ட்ஸுங்க" என்பார்கள். கூண்டு, பதினாறு மணி நேர வெளிச்சம், நாளுக்குச் சுமார் 110 கிராம் தீவனம், வாரக் கணக்கில் வயது, முட்டை விழுக்காடு. எல்லாம் நோட்டில் இருக்கிறது. எண்பது வாரத்தையொட்டிக் கழிவுக் கோழி. தினம் கோடிக்கணக்கில் முட்டை புறப்படும் இந்தச் சமவெளியில் பறவை ஒன்று அலங்காரம், இல்லாவிட்டால் எண்ணிக்கை.

விலங்குகள் நம் வாழ்விலிருந்து விலக விலக அவற்றின் பிம்பங்கள் பெருகுகின்றன என்று ஜான் பெர்ஜர் 1980இல் வெளிவந்த நூலில் எழுதினார். நமக்கு அதை விளங்கிக்கொள்ள மிருகக்காட்சிசாலை வரை போகவேண்டியதில்லை. கேள்வி இதுதான்: அலங்காரமும் எண்ணிக்கையும் அல்லாத மூன்றாவது பார்வை தமிழில் யாருக்காவது வாய்த்திருக்கிறதா?

2

வாய்த்திருக்கிறது. மா. கிருஷ்ணன் (1912–1996). 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை. சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் படித்தபோது பேராசிரியர் ஃபைசனோடு மலைகளில் செடி பார்க்கப் போனவர். ஃபைசனின் மனைவியிடம் நீர்வண்ணம் கற்றவர். பிறகு சட்டமும் படித்தார். 1940களில் சந்தூர் சமஸ்தானத்தில் பல வேலைகள். சென்னை திரும்பியபின் நிரந்தரச் சம்பளம் என்று ஒன்றில்லாமல் எழுத்தையும் சித்திரத்தையும் புகைப்படத்தையும் வைத்தே வாழ்ந்தார். கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950இல் தொடங்கிய பத்தியைச் சாகும்வரை, 46 வருஷம், எழுதினார். அதில் பல கட்டுரைகளுக்கு அவரே கோட்டுச் சித்திரம் போட்டார்.

1961இல் வந்த அவருடைய நூலின் தலைப்பைத் தமிழில் 'காடும் கொல்லையும்' என்று சொல்லலாம். இந்த 'உம்' முக்கியம். யானைக்கும் புலிக்கும் கொடுத்த அதே கவனத்தைக் காக்கைக்கும் மைனாவுக்கும் அணிலுக்கும் கொடுத்தவர் அவர்.

3

ஏன் கோடு? முதல் காரணம் அச்சு. அன்றைய நாளிதழ்த் தாளில் ஹாஃப்டோன் பிளாக் போட்டால் சாம்பல் நிறமெல்லாம் சேர்ந்து மையப்பிக்கொள்ளும். லைன் பிளாக்குக்குக் கறுப்பும் வெள்ளையும் மட்டுமே தெரியும். நடுவில் ஒன்றும் கிடையாது. நம் சிறுபத்திரிகைகளில் ஆதிமூலத்தின் கோடுகள் நிலைத்ததற்கும் இந்தச் சிக்கனம் ஒரு காரணம்.

ஆனால் சிக்கனம் பார்வையையும் மாற்றிவிடுகிறது. சலீம் அலியின் இந்தியப் பறவைகள் நூல் (1941) போன்ற கையேடுகளில் பறவை பக்கவாட்டில், இறகு நிறம் தெரிய, அசையாமல் நிற்கும். அடையாளம் காண அது வேண்டியதுதான். நிறத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன? இருப்பு. மடையான் கழுத்தை உள்ளிழுத்துக் குந்தியிருப்பது, ஆட்காட்டி நாலடி ஓடிச் சட்டென்று நிற்பது, தவிட்டுக்குருவிக் கூட்டம் தத்தித் தத்திப் போவது. இவற்றை ஒரு கோட்டில் பிடிக்க வேண்டுமானால் முன்னால் பல மணி நேரம் பார்த்திருக்க வேண்டும். பறவை போஸ் கொடுக்காது. பார்த்ததை மனசில் வைத்திருந்து பிறகு வரையவேண்டும். எனவே கோடு என்பது பறவையின் நகல் அல்ல. அதனோடு கழித்த நேரத்தின் பதிவு. பண்ணை நோட்டு நேரத்தை முட்டையாக மாற்றுகிறது. சித்திரம் அப்படி எதையும் வசூலிப்பதில்லை.

4

கிருஷ்ணனை வழிபாட்டுக்குரியவராக ஆக்கவேண்டியதில்லை. அவர் எழுத்தின் பெரும்பகுதி ஆங்கிலத்தில், கல்கத்தா வாசகருக்காக. தமிழில் எழுதியது குறைவு. அதுவும் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று தியடோர் பாஸ்கரன் தொகுத்த பிறகே பலர் கைக்கு வந்தது. காப்புக்காடுகளில் மனிதத் தலையீடே கூடாது என்பதில் கறாரானவர். 2006 வன உரிமைச் சட்டத்துக்குப் பிறகு, கொல்லிமலையிலும் கல்வராயனிலும் மலைமக்கள் பட்டாவுக்கு அலைவதைப் பார்க்கும் நாம் அதை அப்படியே ஏற்க முடியாது. காட்டையும் மக்களையும் எதிரெதிரே நிறுத்தும் அரசியல் யாருக்கு உதவுகிறது என்று கேட்கத்தான் வேண்டும். அவர் கண்ணை எடுத்துக்கொள்வோம். அவர் போட்ட வேலியை விட்டுவிடலாம்.

ஏனெனில் அந்தக் கண் நமக்குத் தேவை. 2018இல் சென்னை–சேலம் எட்டுவழிச் சாலைக்குக் கல் நட்டபோது தென்னைக்கு இவ்வளவு, மாமரத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டார்கள். பனையின் பொந்தில் குஞ்சு பொரித்த பனங்காடைக்கு அந்தப் படிவத்தில் பத்தி இல்லை. சரி, அரசின் படிவம் அப்படித்தான் இருக்கும். நம் துண்டறிக்கைகளில் மட்டும் என்ன இருந்தது? 'பறவைகள்', 'உயிரினங்கள்', 'இயற்கை வளம்'. நாமும் மொத்தக் கணக்கில்தான் பேசினோம். பேர் தெரியாததை இழந்தால் இழந்ததே தெரியாது. ஆடு மேய்க்கிற பாட்டிக்குத் தெரிந்த பேர்கள்கூட நம் மனுவில் ஏறவில்லை.

சேலம் மூக்கனேரியைப் பொதுமக்கள் 2010இல் தூர்வாரி, எடுத்த மண்ணிலேயே திட்டுகள் போட்டு மரம் வைத்தார்கள். பறவைகள் வந்தன. நல்ல வேலை. அதோடு இன்னொரு வேலையும் மிச்சமிருக்கிறது: ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு கரையில் போய் உட்காருவது. வரையத் தெரியாது என்றால் பரவாயில்லை. முதல் நாள் கோடு தப்பாகத்தான் வரும். எங்கே தப்பியது என்று பார்க்க மறுநாள் திரும்பவும் போகவேண்டியிருக்குமே, பார்வை அங்கேதான் ஆரம்பிக்கிறது.