நாள் முழுக்க உழைக்கிற உடம்புக்கு நடைப்பயிற்சி எதுக்கு?



குழுக் கூட்டத்தில் நடைப்பயிற்சி என்று பேச்செடுத்தாலே ஒரு கேள்வி வரும். "விடியக்காலம் எழுந்து சாணி அள்ளி, தண்ணி தூக்கி, களை வெட்டிட்டு வர்றோம். இதுக்கு மேல என்னங்க நடை?" நியாயமான கேள்விதான். வயல் வேலையும் உடல் உழைப்புக் கணக்கில் சேரும், அதை யாரும் மறுக்கவில்லை.

ஆனால் அதே சகோதரி, பஸ் வந்துவிட்டதென்று நாலு வீடு தள்ளி வேகமாக நடந்தால் மூச்சு வாங்கி நிற்கிறார். ஏன்? களை எடுக்கும்போது இடுப்புக்கும் கைக்கும்தான் வேலை அதிகம். கொஞ்ச நேரம் குனிவோம், கொஞ்சம் நிமிர்வோம். இருதயமும் நுரையீரலும் ஒரே சீராக, விடாமல் உழைத்துப் பழகுவதில்லை. அது மட்டுமா? நடவுக்கு மெஷின், அறுப்புக்கு மெஷின், மாவாட்ட கிரைண்டர் என்று ஆகிவிட்டது. வேலையே இல்லாத மாதங்களும் இருக்கின்றன. சாப்பாடு மட்டும் குறையவில்லை! 2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது, வீடு வீடாகப் போய் பிரஷரும் சர்க்கரையும் பார்த்தவர்களில் நம் குழுப் பெண்களும் உண்டு. கிராமத்தில் இவை எத்தனை பேருக்கு இருக்கின்றன என்று அவர்களைக் கேளுங்கள்.

சீராக நடந்து பழகினால் இருதயத் தசை பலப்படும். ஒரு துடிப்பில் அதிக இரத்தத்தைத் தள்ளும். அதனால் அதே வேலைக்குக் குறைவாகத் துடித்தால் போதும், மூச்சு வாங்காது. தொடைத் தசைகள் இரத்தத்தில் உள்ள சர்க்கரையை எடுத்துச் செலவழிக்கும். பிரஷரும் இறங்கும்.

எவ்வளவு நடக்கணும்? உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம். முதல் நாளே ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, மறுநாள் கால் வீங்கிப் படுத்துக்கொள்வதுதான் நம்மில் பலர் செய்வது. குழு ஆரம்பித்த அன்றே யாராவது லட்ச ரூபாய் சேமித்தோமா? வாரம் பத்து, இருபது என்றுதானே ஆரம்பித்தோம். இதுவும் அப்படித்தான். வாரம் 5 நாள் என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு வாரம் 15 நிமிடம், அடுத்த இரண்டு வாரம் 20, பிறகு 25, ஏழாவது எட்டாவது வாரத்தில் 30. கணக்குப் போட்டுப் பாருங்கள், 150 வந்துவிடும். ஆரம்பத்திலும் முடிவிலும் மூன்று நிமிடம் மெதுவாக நடக்கணும்.

வேகத்தை அளக்க மெஷின் வேண்டாம். நடக்கும்போது பக்கத்தில் வருகிறவரோடு பேச முடியணும், பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். எட்டு வாரம் கழித்து இரண்டு நிமிடம் வழக்கமான நடை, ஒரு நிமிடம் வேக நடை என்று மாற்றி மாற்றிச் செய்யலாம்.

திருவிழா, அறுவடை, காய்ச்சல் என்று ஒரு வாரம் விட்டுப்போகும். போகட்டும். விட்டதைச் சேர்த்து ஒரே நாளில் நடக்காதீர்கள். ஒரு படி கீழே இறங்கி அங்கிருந்து தொடருங்கள்.

முழங்கால் வலிக்காரர்கள் வாரத்தில் இரண்டு நாள், நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள். தொடைத் தசை பலமானால் மூட்டின் பாரம் குறையும். முடியாவிட்டால் முதலில் கையூன்றியே செய்யலாம்.

இன்னொரு விஷயம். கொஞ்ச தூரத்திலேயே மூச்சு வாங்குதா? சோர்வா இருக்கா? பயிற்சிக்கு முன்னால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் சோதியுங்கள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அதாவது பாதிக்கு மேல்! ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் (கர்ப்பிணிக்கு 11) இரத்தசோகைதான். இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு போட்டால் உடம்பில் சரியாகச் சேராது.

சர்க்கரைக்கு மாத்திரை, ஊசி எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நடக்க வேண்டாம். முந்தானையில் இரண்டு மிட்டாய் முடிந்து வையுங்கள். செருப்பில்லாமல் நடக்கவே கூடாது. நெஞ்சு வலி, தலைசுற்றல், கை அல்லது தாடைக்கு இழுக்கும் வலி வந்தால் உடனே நின்று ஆஸ்பத்திரிக்குப் போகணும், 108-ஐக் கூப்பிடணும்.

"வேலவெட்டி இல்லாம நடக்குறா பாரு" என்று சொல்வார்கள், அது தெரிந்ததுதான். தனியாகப் போனால் நாய்த் தொல்லை, இருட்டு, வாய்ப்பேச்சு மூன்றும் உண்டு. ஐந்து பேராகப் போனால் யாரும் வாயைத் திறப்பதில்லை. அடுத்த கூட்டத்தில் யார் யார், எத்தனை மணிக்கு, எந்த வழியில் என்று பேசித் தீர்மான நோட்டில் எழுதுங்கள். சேமிப்பு வரவு எழுதும் பக்கத்துக்கு எதிரே தேதி, நிமிடம் என்று இரண்டு கட்டம் போட்டால் போதும், தனி நோட்டு வாங்க வேண்டியதில்லை.