சைரன் இல்லாமல் வரும் வேன்

இரவு பதினொன்றரை. அமெரிக்காவில் ஒரு நடுத்தர நகரம். அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது தளம். இருபது வயது மகன் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு இரண்டு மணி நேரமாகிறது. கூரையில் இருக்கும் புகை எச்சரிக்கைக் கருவியின் சிவப்பு விளக்கு தன்னைக் கண்காணிக்கிறது என்று காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தான். அம்மா மனநல நெருக்கடி உதவி எண்ணான 988-ஐ அழைக்கிறார். வாசலில் வந்து நிற்பது சாதாரண வேன். இறங்கும் இருவரிடமும் சீருடை இல்லை, துப்பாக்கி இல்லை. ஒருவர் உரிமம் பெற்ற மனநல ஆலோசகர். இன்னொருவரின் தகுதிதான் வித்தியாசமானது. சில ஆண்டுகளுக்கு முன் அவரே இப்படி ஒரு கதவுக்குப் பின்னால் இருந்தவர்.

(இது எந்த ஒரு வீட்டின் கதையும் அல்ல. இந்த வேலையின் நடைமுறைகளை வைத்து நான் வரைந்த படம்.)

இந்த இரண்டாமவரை அங்கே பியர் ஸ்பெஷலிஸ்ட் என்கிறார்கள். சகா நிபுணர் என்று தமிழாக்கினால் ஒட்டவில்லை. நம்மிடம் ஏற்கெனவே நல்ல சொல் ஒன்று இருக்கிறது: பட்டறிவு. பட்டு அறிந்தவர் என்பதால் பட்டறிவாளர் என்றே சொல்லிவிடலாம். மனநோயோ, போதைப் பழக்கமோ, தற்கொலை எண்ணமோ தன்னை ஆட்டிவைத்த காலத்தைக் கடந்து வந்தவர். அதையே தொழில் தகுதியாக்கிச் சான்றிதழும் சம்பளமும் பெறுபவர்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்போம். அந்தப் பழமொழிக்குச் சம்பளப் பட்டியலில் இடம் கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸின் பிசேத்ர் மருத்துவமனையில் ஜான் பாப்திஸ்த் புசேன் என்பவர் மனநோயாளிகள் பிரிவின் கண்காணிப்பாளராக இருந்தார். மருத்துவம் படித்தவரல்ல. கழுத்தில் கட்டிகள் வரும் கண்டமாலை நோய்க்குச் சிகிச்சை பெற அங்கே வந்தவர், குணமாகி அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டார். பணியாட்களைத் தேடும்போது குணமடைந்த நோயாளிகளையே அவர் விரும்பி எடுத்தார். அவர்கள் அடிக்க மாட்டார்கள் என்பது அவர் கண்டறிந்த எளிய உண்மை. 1797-ல் அங்கே நோயாளிகளின் சங்கிலிகளைக் கழற்றியவரும் அவர்தான். பெயர் என்னவோ அங்கே மருத்துவராக இருந்த பினேலுக்குப் போய்ச் சேர்ந்தது. பினேல் அதற்கு இரண்டு வருடம் முன்பே வேறு மருத்துவமனைக்கு மாறியிருந்தார். சங்கிலி என்று எழுதும்போது ஏர்வாடி நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஓடமுடியாமல் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த நிலையில் 28 மனநோயாளிகள் தீயில் மாண்டார்கள். புசேனுக்குப் பிறகு இருநூறு ஆண்டுகள் கழிந்திருந்தன.

அமெரிக்கக் கதைக்கு வருவோம். அங்கே நெடுங்காலம் வீட்டில் ஒருவருக்குப் புத்தி தடுமாறினால் பெரும்பாலும் அழைத்தது அவசர உதவி எண்ணான 911-ஐத்தான். வருவது பெரும்பாலும் போலீஸ். 2020 மார்ச்சில் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் டேனியல் புரூட் என்பவருக்காக அவருடைய அண்ணன் உதவி கேட்டுத்தான் அழைத்தார். குளிரில் ஆடையின்றித் தெருவில் நின்றவரைப் போலீசார் விலங்கிட்டு, தலையில் துணி உறை மாட்டி, தரையோடு அழுத்தினார்கள். ஒரு வாரத்தில் இறந்துபோனார்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. ஆரிகன் மாநிலத்தின் யூஜீன் நகரில் கஹூட்ஸ் என்ற குழு 1989-லேயே வேனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டது: ஒரு மருத்துவப் பணியாளர், ஒரு நெருக்கடிப் பணியாளர். முப்பத்தைந்து வருடம் நாடெங்கும் முன்மாதிரி என்று கொண்டாடப்பட்ட அந்தச் சேவை, பணமுடை காரணமாக 2025 ஏப்ரலில் யூஜீனில் நின்றுபோனது. டென்வர் 2020 ஜூனில் ஸ்டார் என்ற வேனைத் தொடங்கியது. முதல் ஆறு மாதத்தில் 748 அழைப்புகள். ஒரு கைதுகூட இல்லை. அந்த வேன் ஓடிய பகுதிகளில் சிறு குற்றப் புகார்கள் 34 சதவீதம் குறைந்ததாக ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2022-ல் கணக்குக் காட்டினார்கள். ஆனால் இந்த இரண்டு வேன்களின் அமைப்பிலும் பட்டறிவாளருக்கென்று தனி இருக்கை இல்லை.

அந்த இருக்கை வந்தது வேறு வழியில். 1999-ல் ஜார்ஜியா மாநிலம் ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீட்டிலிருந்து பட்டறிவாளரின் வேலைக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. 2007-ல் மத்திய அரசு எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் எழுதி அதை அங்கீகரித்தது. நடமாடும் குழுக்களில் இவர்களைச் சேர்க்க வேண்டும் என்று 2020-ன் தேசிய வழிகாட்டுதல் சொன்னது. 2021-ல் வந்த சட்டம், தகுதியுள்ள நடமாடும் குழுக்களுக்கு மூன்று ஆண்டுகளுக்கு 85 சதவீதச் செலவை மத்திய அரசே ஏற்கும் என்றது. மறு ஆண்டு ஜூலையில், நம்முடைய டெலி மானஸ் 14416 போல, 988 என்ற மூன்று இலக்க எண் வந்தது.

இனி குளியலறைக் கதவுக்குத் திரும்பலாம்.

ஆலோசகர் கூடத்தில் அம்மாவிடம் தணிந்த குரலில் பேசுகிறார்: என்ன மாத்திரை, எப்போது நிறுத்தினான், வீட்டில் துப்பாக்கி உண்டா. அமெரிக்காவில் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது. பட்டறிவாளர் குளியலறைக்கு வெளியே தரையில் சம்மணமிட்டு உட்காருகிறார். கதவுக்கு நேரெதிரே உட்காரமாட்டார். வெளியேறும் வழியை மறிக்கக்கூடாது. பெயரைச் சொல்கிறார். “கதவைத் திறக்க வேண்டாம். நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.” அப்புறம் பேச்சே இல்லை.

இந்த மௌனம் சும்மா அல்ல. கடும் பீதியில் உடல் முழுக்க அட்ரினலின் ஓடும்போது நீண்ட வாக்கியங்கள் உள்ளே இறங்குவதில்லை. மூன்று பேர் மூன்று உத்தரவு போட்டால் எல்லாமே மிரட்டலாகத்தான் கேட்கும். அதனால்தான் ஒருவர் மட்டுமே பேசுவது, சின்னச் சின்னதாகப் பேசுவது, பதிலுக்குக் காத்திருப்பது.

இருபது நிமிடம் கழித்து உள்ளேயிருந்து கேள்வி வருகிறது. “உங்களுக்கு அந்தக் குரல் கேட்கிறதா?” ஆமாம் என்றால் பொய். அதெல்லாம் பிரமை என்றால் பேச்சு அங்கேயே முறியும். “எனக்குக் கேட்கவில்லை. உங்களுக்குக் கேட்கிறது என்பதை நம்புகிறேன்.” சற்று இடைவெளி. “எனக்கும் ஒரு காலத்தில் இப்படி இருந்தது. அப்போது வெளிச்சம்தான் என்னை ரொம்பப் படுத்தியது. உங்களை எது படுத்துகிறது?”

தன் கதையில் அவர் சொன்னது அவ்வளவுதான். இந்த வேலையின் நுட்பம் முழுவதும் அங்கேதான் இருப்பதாக எனக்குப் படுகிறது. பட்டவர் எல்லோரும் பட்டறிவாளர் ஆகிவிட முடியாது. பட்ட கதையைக் கொட்டித் தீர்ப்பவரிடம் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது புரியும். துக்க வீடுகளில் அப்படி ஒருவராவது கட்டாயம் இருப்பார். பல மாநிலங்களில் 40 முதல் 80 மணி நேரம் வரை நடக்கும் பயிற்சியில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி, இதைச் சொல்வது யாருக்காக, அவருக்கா எனக்கா என்பது. சொந்த அனுபவத்தை ஊறுகாய் போலத் தொட்டுக்கொள்ளத்தான் வேண்டும், சோறாகப் பரிமாறக்கூடாது.

இதெல்லாம் உண்மையில் பலன் தருகிறதா? லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த சோனியா ஜான்சன் குழு, நெருக்கடிச் சேவைகளிலிருந்து விடுவிக்கப்பட்ட 441 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. எல்லோருக்கும் மீட்சிக்கான பயிற்சி ஏடு ஒன்று கிடைத்தது. பாதிப் பேருக்கு மட்டும் அதோடு ஒரு பட்டறிவாளரின் துணையும். ஓராண்டுக்குள் மீண்டும் தீவிர சிகிச்சைக்கு வந்தவர்கள் துணை இல்லாத பக்கம் 38 சதவீதம், துணை இருந்த பக்கம் 29 சதவீதம். 2018-ல் லான்செட் இதழில் இது வந்ததும் ஆதரவாளர்கள் துள்ளிக் குதித்தார்கள். நான்கு வருடம் கழித்து வெளியான, இங்கிலாந்தில் 590 பேரிடம் நடந்த இன்னொரு சோதனையில் மருத்துவமனைக்குத் திரும்புவது குறிப்பிடும்படி குறையவில்லை. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். இரண்டுமே புயல் அடங்கிய பிறகான துணையைப் பற்றியவை. நள்ளிரவில் கதவுக்கு வெளியே உட்காருவதைச் சீட்டுக் குலுக்கி இரண்டு அணியாகப் பிரித்து அளப்பது அவ்வளவு எளிதல்ல.

எல்லா இரவும் பேச்சோடு முடிவதுமில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் சம்மதம் இல்லாமலே அழைத்துப்போக வேண்டியிருக்கும். கலிஃபோர்னியாவில் அதற்கான சட்டப்பிரிவு 5150. 72 மணி நேரம் வரை வைத்திருக்கலாம். அந்த எண் அங்கே வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது. அந்த முடிவைப் பட்டறிவாளர் எடுப்பதில்லை, ஆனால் பக்கத்தில் நிற்கிறார். ஒருநாள் தன்னைக் கொண்டுபோனதும் அதே பிரிவின்கீழ்தான் என்றால், அந்த நிற்றல் எப்படி இருக்கும்? இந்த இடத்தில்தான் பட்டறிவாளர் இயக்கத்துக்குள்ளேயே சண்டை. நோயாளியின் பக்கம் நிற்கப் பிறந்த வேலை, அமைப்பின் கையாளாக மாறிவிட்டது என்று ஒரு தரப்பு. எப்படியும் நடக்கப்போவதை விலங்கில்லாமல் நடத்த ஒருவர் வேண்டாமா என்று மறுதரப்பு. என் மனம் இரண்டாவதன் பக்கம் சாய்கிறது, ஆனால் முதலாவதைச் சொல்பவர்கள் அந்த வண்டியில் போய் வந்தவர்கள் என்பதால் அடித்துப் பேசத் துணிவில்லை. குறைந்தபட்சம், அடுத்து என்ன நடக்கும் என்று படிப்படியாகச் சொல்லவும், செருப்பு மாட்டிக்கொள்ள நேரம் கொடுக்கவும் ஒருவர் அங்கே இருக்கிறார்.

நம் கதைப் பையனுக்கு அது தேவைப்படவில்லை. நடைவழி விளக்கை அணைக்கச் சொன்னான், அணைத்தார்கள். ஒன்றரை மணிக்குக் கதவு திறந்தது. வேனிலிருந்து தண்ணீர் பாட்டிலும் போர்வையும் வந்தன. காலையில் மருத்துவரைப் பார்ப்பது என்று பேசி முடித்து, ஆலோசகர் படிவத்தை நிரப்பினார். முடிவு என்ற கட்டத்தில் எழுதியது, இருந்த இடத்திலேயே நிலைமை சீரானது.

மறுநாள் பட்டறிவாளர் போன் செய்வார். எடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் பையனுக்கு இல்லை. எடுக்காவிட்டால், அதற்கு மறுநாள் இன்னொரு முறை அடித்துப் பார்ப்பார்.